அகக் கட்டும் புறக் கட்டும்: ராஜாஜியின் அற அரசியல்

1952 ஏப்ரலில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ராஜாஜி, ஜூன் மாதத்தில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். போர்க்காலத்தில் தொடங்கி மக்களின் அன்றாட வாழ்வோடு பிணைந்துபோயிருந்த ரேஷன் முறை அத்துடன் தளர்ந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1937 அக்டோபர் முதல் நாள், இதே மனிதர் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியிருந்தார். அரிசியை யார் யாரிடம் என்ன விலைக்கு வாங்கலாம் என்பதில் அரசு தலையிட வேண்டாம். கள்ளுக்கடை இருக்கலாமா என்பதில் அரசு தலையிட்டே ஆக வேண்டும். இவ்விரு நிலைகளையும் அவர் தம் வாழ்நாள் முடியும்வரை விடவில்லை. 1959இல் சுதந்திரா கட்சியைத் தோற்றுவித்து, அரசின் அளவுமீறிய அதிகாரத்தைப் ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று பெயரிட்டுத் தாக்கியவர் அவர். 1971இல், தொண்ணூற்றிரண்டு வயதில், மதுவிலக்குச் சட்டத்தைத் தளர்த்த வேண்டாம் என்று முதலமைச்சர் கருணாநிதியிடம் அவர் இல்லத்துக்கே சென்று வேண்டிக்கொண்டவரும் அவரே.

இது முரண் என்று கருதுவோர் இரண்டு எளிய விடைகளைத் தருவதுண்டு. அடிப்படையில் அவர் சுதந்திரவாதி, மதுவைப் பொறுத்த அளவில் மட்டும் ஒரு வைணவக் குடும்பத்தின் பழைய ஆசாரம் அவரை விட்டுப்போகவில்லை என்பது ஒன்று. அடிப்படையில் அவர் ஆசாரவாதி, வணிகர்க்கும் நிலக்கிழார்க்கும் சார்பாகச் சுதந்திரம் பேசினார் என்பது மற்றொன்று. இரண்டும் ஒருவருடைய கொள்கையில் பாதியை உண்மையாகவும் மறுபாதியைப் பழக்கமாகவோ வேடமாகவோ கொள்கின்றன. ஒருவரைக் கற்க விரும்புகிறவர், இரு பாதிகளையும் ஒன்றாகத் தாங்கும் அடித்தளம் உண்டா என்று முதலில் தேடிப் பார்ப்பதே முறை. அத்தகைய அடித்தளம் உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு. அது சமய நம்பிக்கையிலிருந்து எழுந்தது, மரபைப் போற்றுவது, பொதுவாழ்வு முழுவதையும் அளக்க முற்படுவது. அதன் வலிமையும் குறையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

தொடங்குமுன் இரண்டு பெயர்களை வகுத்துக்கொள்வோம். கட்டுப்பாடான பிள்ளை என்கிறோம். விலைக் கட்டுப்பாடு என்றும் சொல்கிறோம். முன்னதில் கட்டுகிறவனும் கட்டுப்படுகிறவனும் ஒருவனே. பின்னதில் கட்டுகிறவர் வேறு, கட்டுப்படுகிறவர் வேறு. முன்னதை அகக் கட்டு என்றும் பின்னதைப் புறக் கட்டு என்றும் இங்கு வழங்குவோம். இவை ராஜாஜி இட்ட பெயர்கள் அல்ல. அவர் சிந்தனையைப் பிரித்து அறிவதற்காக நாம் இடும் பெயர்கள். அவருடைய அரசியல் எழுத்தைத் தொடர்ந்து படிப்பவருக்கு, இவ்விரு கட்டுகளுக்கும் இடையே உள்ள உறவே அவருடைய இடையறாத கவலை என்பது புலப்படும். அகக் கட்டு தளருமளவுக்குப் புறக் கட்டு பெருகும். பெருகிய புறக் கட்டு, எஞ்சியிருக்கும் அகக் கட்டையும் தளர்த்தும்.

இக்கவலை விடுதலைக்குப் பின் ஆட்சியில் இருந்தவர்கள்மீது கொண்ட மனத்தாங்கலிலிருந்து பிறந்ததன்று. ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நாட்குறிப்பிலேயே இது தெளிவாக உருக்கொண்டுவிட்டது. சுயராஜ்யம் வந்ததும் நல்லாட்சி தானாக வந்துவிடாது என்று அங்கு எழுதுகிறார். தேர்தல்கள் வரும், அவற்றோடு ஊழல் வரும், பணத்தின் ஆதிக்கமும் நிர்வாகத் தடுமாற்றமும் வரும், பழைய ஆட்சியே மேலானதோ என்று பலர் எண்ணும் காலமும் வரும் என்று முன்கூட்டியே சொல்கிறார். மீளும் வழியாக அவர் காண்பது கல்வியை: நல்லொழுக்கத்தையும் தெய்வ பயத்தையும் அன்பையும் இளமையிலிருந்தே ஊட்டுகிற கல்வியை. அந்நியர் நீங்கினால் போதும் என்று நாடே நம்பியிருந்த நேரத்தில், ஆளும் அமைப்பு மாறுவதற்கும் ஆளப்படும் மனம் பண்படுவதற்கும் உள்ள இடைவெளியை ஒரு கைதி கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து அவருடைய சமய எழுத்துக்கும் அரசியல் எழுத்துக்கும் உள்ள தொடர்பு விளங்கும். ‘வியாசர் விருந்து’, ‘சக்கரவர்த்தித் திருமகன்’, கீதையை எளிய நடையில் தந்த ‘கண்ணன் காட்டிய வழி’ ஆகியவற்றை ஓர் அரசியல்வாதியின் ஓய்வுநேர முயற்சிகளாகக் கொள்வது பிழை. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ‘கல்கி’ இதழில் இதிகாசக் கதையைச் சொல்லிய அதே கைதான் ‘ஸ்வராஜ்யா’ வார இதழில் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் எழுதியது. முன்னது அகக் கட்டை வளர்ப்பதற்கு. பின்னது அகக் கட்டைச் சிதைக்கும் புறக் கட்டுகளைச் சுட்டிக்காட்டுவதற்கு. ஒரே பணியின் இரு பகுதிகள் அவை. பாமர வாசகருக்கு இராமனுடைய வாக்குத் தவறாமையைச் சொல்லாமல், அமைச்சரின் வாக்குத் தவறுதலை மட்டும் கண்டித்து என்ன பயன் என்பது அவர் கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

இனி, புறக் கட்டு அகக் கட்டை எவ்வாறு தளர்த்துகிறது என்பதைப் பார்க்கலாம். தானியக் கட்டுப்பாடு நல்லெண்ணத்தில் பிறந்தது. பஞ்ச காலத்தில் இருப்பதைப் பகிர்ந்துண்ண வேண்டும். பதுக்கலைத் தடுக்க வேண்டும். ஆனால் நாளடைவில் அது மூன்று தரப்பாரைக் கெடுத்தது. விளைந்த நெல்லைக் குறைத்துக் காட்ட உழவர் பழகினார். கறுப்புச் சந்தையில் விற்க வணிகர் பழகினார். இருவரையும் கண்டுகொள்ளாதிருப்பதற்கு விலை பேச அலுவலர் பழகினார். இவர்கள் எல்லாரும் பிறவியிலேயே பொய்யர்கள் அல்லர். பொய் சொல்லாதவன் நட்டப்படும்படி ஒரு முறை அமைந்துவிட்டால், காலப்போக்கில் பொய் ஒரு தொழில் நுணுக்கமாகிவிடுகிறது. அதைச் செய்பவனுக்கு வெட்கம்கூட இருப்பதில்லை. ராஜாஜி அஞ்சியது இந்த வெட்கமின்மையை. கட்டுப்பாட்டை நீக்கினால் விலை எகிறும் என்ற அச்சம் அன்று பலருக்கு இருந்தது. அவர் துணிந்தார், மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாயும் அத்திசையில் இருந்தவரே, கட்டுப்பாட்டுத் தளர்வு பின்னர் நாடெங்கும் பரவியது. பொருளாதாரத்தைப் பற்றிய துணிவு என்பதைவிட, சாதாரண மனிதனை நம்பிய துணிவு அது எனலாம். நம்பப்படுகிறவன் நம்பிக்கைக்கு உரியவனாக முயல்வான் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

அப்படியானால் குடிப்பவனை மட்டும் ஏன் நம்பவில்லை? முரண் என்று தோன்றுவது உண்மையில் இக்கொள்கையின் நடுக்கணு. மற்ற ஆசைகளின்முன் மனிதன் தோற்றாலும், தோற்றோம் என்று அறியும் அறிவு அவனிடம் எஞ்சியிருக்கும். அந்த அறிவைப் பற்றிக்கொண்டு அவன் மீளலாம். போதை அந்த அறிவையே முதலில் எடுத்துக்கொள்கிறது. மற்றத் தீமைகள் காவலாளி அயர்ந்த நேரம் பார்த்து உள்ளே நுழையும் திருடர்கள் என்றால், மது காவலாளியையே கட்டிப்போட்டுவிட்டு நுழையும் திருடன். அகக் கட்டை நம்பி அரசு விலகி நிற்க வேண்டும் என்பது கொள்கையானால், அகக் கட்டின் இருப்பிடத்தையே அழிக்கும் பொருளின் முன் அரசு விலகி நிற்பதற்குக் காரணமே இல்லாமற் போகிறது. சுதந்திரம் எதை நம்பி அளிக்கப்படுகிறதோ, அதைக் காப்பதும் சுதந்திரத்தின் பகுதியே. இப்படிப் பார்த்தால், 1937ஆம் ஆண்டுச் சட்டமும் 1952ஆம் ஆண்டு ஆணையும் ஒரே வாதத்தின் இரு முடிவுகள்.

தமிழ் மரபு இதற்கு முன்பே ஓர் இடம் வகுத்திருக்கிறது. திருக்குறளில் அடக்கமுடைமை பதின்மூன்றாம் அதிகாரம். அது அறத்துப்பாலில், இல்லறவியலில் நிற்கிறது. கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். அது பொருட்பாலில், சூதுக்கு முன்னே நிற்கிறது. புலால் மறுத்தல் அறத்துப்பாலில் துறவறவியலில் அமைய, கள் மட்டும் அரசும் அமைச்சும் பொருளும் பேசப்படும் பாலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அடக்கம் ஒருவன் தனக்குத் தேடிக்கொள்ளும் செல்வம். கள்ளுண்ணல் நாட்டின் பொருளையும் பகைவர் அஞ்சும் நிலையையும் பாதிக்கும் செய்தி. குறளிலிருந்து தேர்ந்த பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ராஜாஜி. இந்த வைப்புமுறை அவருக்குத் தெரியாததன்று. 1929இல் மதுவிலக்குக்கென்றே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தியபோது (அதில் அவருக்குத் துணைநின்றவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி), குடியைப் பாவமாக மட்டும் காட்டாமல், கூலிக்காரனின் வீட்டில் அடுப்பெரியாமல் செய்யும் பொருளியல் கேடாகவும் காட்ட அவர் முயன்றது இதனோடு பொருந்துகிறது.

இதுவரை தனிமனிதனின் அடக்கத்தைப் பேசினோம். ராஜாஜியின் சிந்தனை இங்கே நின்றிருந்தால் அது ஏழைக்கு அறிவுரை சொல்லும் மேட்டுக்குடி ஒழுக்கவாதமாகவே முடிந்திருக்கும். அவர் அடுத்த படிக்கு ஏறுகிறார்: அடங்க வேண்டியவன் குடிமகன் மட்டுமல்லன், அரசும் அடங்க வேண்டும். சாராயத்திலிருந்தும் கள்ளிலிருந்தும் வந்த ஆயத் தீர்வை அன்றைய சென்னை மாகாண வருவாயில் பெரும்பங்கு வகித்தது. மாவட்டம் மாவட்டமாக மதுவிலக்கை விரித்தபோது அந்த வருவாய் குறைந்தது. அதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை அவர் கொண்டுவந்தார். இந்தியாவில் எல்லாச் சரக்குகளையும் தழுவிய விற்பனை வரிக்கு அது முன்னோடி. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அதன் அறநிலை தெளிவானது. குடிமக்களின் பலவீனத்திலிருந்து வருமானம் பெறும் அரசுக்கு, அந்தப் பலவீனம் நீடிக்க வேண்டும் என்ற ஆசை மெல்ல உண்டாகும். அந்த ஆசை உண்டான அரசு மக்களுக்கு ஒழுக்கம் கற்பிக்க இயலாது. ஆகவே, எல்லாரும் விரும்பாத வரியை வெளிப்படையாகக் கேட்டுப் பெறுவது, யாரும் வெளியே சொல்லாத வருவாயை மறைவாகப் பெறுவதைவிட நேர்மையானது. அவ்வரி பின்னர் மாநிலங்களின் முதன்மை வருவாயாக வளர்ந்து, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கலக்கும்வரை நிலைத்தது. மதுவின் வருவாயும் திரும்பி வந்து அதன் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டது.

அரசுக்கு அடுத்துச் செல்வர். சுதந்திரா கட்சியைப் பணக்காரர் கட்சி என்று அன்றே பலர் சொன்னார்கள். மினு மஸானியும் என்.ஜி.ரங்காவும் கே.எம்.முன்ஷியும் அதில் ராஜாஜியோடு இணைந்து நின்றனர். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் நிறைவேற்றிய கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் அதன் தோற்றத்துக்கு உடனடித் தூண்டுதல். நிலமுடையோரும் தொழில்முனைவோரும் அதை ஆதரித்ததில் வியப்பில்லை. ஆனால் அக்கட்சியின் கொள்கையில் காந்தியடிகளின் தருமகர்த்தா முறையும் இடம்பெற்றிருந்தது. கோயில் சொத்துக்குத் தருமகர்த்தா எவ்வாறோ, தன் சொத்துக்குச் செல்வன் அவ்வாறு. காப்பவன், பெருக்குபவன், அனைத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவன். அரசு பறித்துக் கொடுத்தால் கொடுப்பவன் மனத்தில் அறம் வளராது, பெறுபவன் மனத்தில் நன்றி வளராது, இடையில் நிற்பவன் மனத்தில் அதிகாரம் மட்டும் வளரும் என்ற கணிப்பு இதன் பின்னே இருக்கிறது. செல்வர் தாமாக முன்வந்து அப்படி நடந்துகொள்ளாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை போதுமானதன்று. ஆயினும் உடைமையுரிமையைக் கடமையிலிருந்து அவர் ஒருபோதும் பிரித்துப் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இலாபமே இறுதி நியாயம் என்று கருதும் இன்றைய சந்தைவாதிகள் அவரைத் தம் முன்னோடியாகக் கொள்வது பாதி உண்மையே.

நாடுகளுக்கும் இதே அளவுகோல்தான். 1962இல், எண்பத்து மூன்று வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவில் ஆர்.ஆர்.திவாகர், பி.சிவராவ் ஆகியோருடன் அமெரிக்கா சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த ஒருவர், அதற்கு எதிரணியில் தலைமை வகித்த நாட்டிடம் சென்று, மற்றவன் நிறுத்துவதற்குக் காத்திராமல் நீங்கள் நிறுத்துங்கள் என்றார். அரசியல் அணியைப் பார்த்தால் இது பொருந்தாது; அகக் கட்டு என்ற கொள்கையைப் பார்த்தால் முற்றும் பொருந்தும். வலிமையுள்ளவன் தானே முதலில் அடங்குவதுதான் அடக்கம். எதிரியின் அச்சத்தால் அடங்குவது புறக் கட்டின் வேறொரு வடிவம்.

இவ்வளவும் கேட்டபின் கவனமுள்ள வாசகர் ஒரு தடையை எழுப்புவார்: மரபைக் காப்பதாகச் சொல்பவர், மரபே தவறு செய்தபோது என்ன செய்தார்? கோயில் நுழைவு இதற்குத் தக்க சோதனை. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ.வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தனர். அதை அனுமதித்த அறங்காவலர்கள்மீது வழக்குகள் வரக்கூடிய நிலை இருந்தது. ராஜாஜியின் அரசு முதலில் அவசரச் சட்டமும் பின்னர் முறையான சட்டமும் கொண்டுவந்து அவர்களைக் காத்தது. அச்சட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கோயில்களைத் திற என்று அது ஆணையிடவில்லை; திறக்க விரும்பும் அறங்காவலர்க்கு அதிகாரமும் பாதுகாப்பும் அளித்தது. மனச்சாட்சி விழித்துக்கொண்டவனுக்கு வழிவிட்டது. நுழைவை உரிமையாக்கிய சட்டம் 1947இல்தான் வந்தது. சொந்த வாழ்விலும் அவர் இதே வகையில் நடந்தார். தம் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் மணக்க விரும்பியபோது, தந்தையர் இருவரும் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்து மனம் மாறாதது கண்டு 1933இல் சாதி கடந்த அத்திருமணத்தை நடத்திவைத்தார்கள். மரபு அவருக்கு மாற்றத்தைத் தடுக்கும் சுவரன்று. மாற்றம் எந்த வேகத்தில், யாருடைய மனம் இசைந்து வரவேண்டும் என்று கேட்கும் நிதானம்.

அந்த நிதானத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் புகழுரையாகிவிடும். காத்திருக்கச் சொல்கிறவர் வாசலுக்கு உள்ளே நிற்பவர். காத்திருக்கிறவர் வெளியே நிற்பவர். அறங்காவலரின் மனம் கனியும்வரை வெயிலில் நிற்கும் பக்தனுக்கு, அந்த இடைவேளையும் ஒரு தண்டனையே. இக்குறை 1953இல் மறைக்க முடியாதபடி வெளிப்பட்டது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு; மீதிப் பொழுதில் வீட்டில் பெற்றோர் தொழிலில் பழக்கம் என்று ஒரு திட்டத்தை அவர் அரசு கொண்டுவந்தது. இருக்கும் பள்ளிகளிலேயே முறைவைத்து இருமடங்கு குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் சொன்ன நிர்வாகக் காரணம். கைத்தொழிலின் கண்ணியம், குடும்பமே முதற்பள்ளி என்பன அவருடைய பண்பாட்டுக் காரணங்கள். எதிர்த்தவர்கள் அதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்தார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் போராடினர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இத்திட்டத்தின் தோல்வியை அரசியல் சூழ்ச்சியாகவோ பெயரின் பிழையாகவோ விளக்குவது போதாது. நாம் எடுத்துக்கொண்ட இரு பெயர்களைக் கொண்டே அதன் வேரைக் காணலாம். ராஜாஜியின் கண்ணில் புறக் கட்டு என்றால் பெரும்பாலும் அரசின் கட்டு. குடும்பமும் தொழிலும் ஊரும் தலைமுறை தலைமுறையாகத் தரும் பயிற்சி அவருக்கு அகக் கட்டின் விளைநிலம். ஆனால் சலவைத் தொழிலாளியின் குழந்தைக்கும் முடிதிருத்துபவரின் குழந்தைக்கும் அந்தப் பயிற்சி எந்த அரசையும்விடப் பழைமையான புறக் கட்டு. அது ஆணையாக வருவதில்லை, பிறப்பாக வருகிறது. அதை மீற லைசென்ஸ் தரும் அலுவலகமும் கிடையாது. சமூகமும் அரசைப்போலவே கட்டுப்படுத்தும். சிலவேளை அரசைவிடக் கொடுமையாகவும் கட்டுப்படுத்தும். அந்நிலையில் அரசின் பள்ளியே விடுதலையின் வாசலாகிறது. மதுரையில் கோயில் கதவு திறந்தபோது ராஜாஜி இதை உணர்ந்தே செயல்பட்டார்; பள்ளிக் கதவில் அதே அறிவு அவருக்குத் துணைவரவில்லை.

1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது இதற்கு மறுபுறமான பிழை. அங்கே புறக் கட்டை இட்டவர் அவரே. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோது உயிர்நீத்தனர். 1940இல் அந்த ஆணை விலக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை உறுதியாக எதிர்த்தவர் ராஜாஜி. கொள்கையால் அவர் வந்துசேர வேண்டிய இடம் அதுதான். முப்பதுகளில் அதிகாரம் கையில் இருந்தபோது கொள்கையைத் தாமே மறந்திருந்தார் என்பதே முறையான கணிப்பு. அதிகாரத்தை ஐயுறக் கற்பித்தவருக்கும் அதிகாரத்தின் மயக்கம் நேர்ந்தது என்பது அவருடைய போதனையைப் பொய்யாக்கவில்லை. அதன் தேவையைக் கூட்டுகிறது.

எஞ்சியிருப்பது மதுவிலக்கின்மேல் வைக்கப்படும் தடை. தானியக் கட்டுப்பாடு பொய்யை வளர்த்தது என்றால், மதுவிலக்கும் கள்ளச்சாராயத்தையும் கையூட்டையும் வளர்க்கவில்லையா? வளர்த்தது, அதை மறுப்பதற்கில்லை. அதில் உயிரிழந்தவர்களும் உண்டு. இருப்பினும் இரண்டும் ஒன்றல்ல. தானியக் கட்டுப்பாட்டில் நேர்மையானவனும் தன் குழந்தைகளின் பசிக்காகச் சட்டத்தை மீறும் நெருக்கடிக்கு உள்ளானான். மதுவிலக்கில் உயிர்வாழ்வதற்காகச் சட்டத்தை மீற வேண்டியவன் எவனும் இல்லை. முன்னது நல்லவனைக் குற்றவாளியாக்கியது. பின்னது குற்றத்துக்கு ஆயத்தமாக இருந்தவனுக்குத் தொழில் தந்தது. இவ்வேறுபாடு ராஜாஜியின் தரப்புக்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் அது வழக்கை முடித்துவிடவில்லை. போதைக்கு அடிமையானவனுக்கு அது ஆசையாக நிற்பதில்லை, நோயாகிவிடுகிறது. நோய்க்குச் சட்டத்தோடு சிகிச்சையும் வேண்டும். காவல் நிலையத்தோடு மருத்துவமனையும் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கைப் பொதுச் சுகாதாரம், ஊட்டச்சத்து ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்திருப்பது இவ்வகையில் பொருளுடையது.

இனி, அடுக்கடுக்காகக் கண்டதைத் தொகுத்துக்கொள்ளலாம். சமயத்தின் பெயரால் பொதுவாழ்வை மதிப்பிட வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் எல்லாச் சமயத்திலும் உண்டு. அவர்களிற் பலர், தாம் விரும்பும் ஒழுக்கத்துக்கு அரசின் கையிலுள்ள கோலைத் துணைக்கு அழைக்கிறார்கள். தாம் விரும்பாத சீர்திருத்தம் வரும்போது சுதந்திரத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். ராஜாஜியின் கொள்கை அந்த வசதியை ஒருவருக்கும் தருவதில்லை. எந்தப் புறக் கட்டைக் குறித்தும் அது மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. இது மனிதனின் தன்னடக்கத்தைக் காக்கிறதா, அல்லது அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறதா? இதை விதிப்பவர் தம்மேலும் இதற்கு ஈடான கட்டை ஏற்றிருக்கிறாரா? நேர்மையானவன் இதன்கீழ் நேர்மையாகவே வாழ முடியுமா? அவருடைய தவறுகளிலிருந்து நாம் நான்காவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அகக் கட்டு என்று நாம் போற்றுவது, மற்றொருவர் கழுத்தில் பிறப்பால் விழுந்த கயிறாக இல்லாமலிருக்கிறதா?

இந்நான்கையும் ஒருசேரக் கேட்பது அரிது. முதல் மூன்றை மட்டும் கேட்பவர் மரபின் கொடுமையைக் காணத் தவறுவார். நான்காவதை மட்டும் கேட்பவர், எல்லாக் கட்டுகளையும் அறுத்தபின் மனிதன் எதைப் பற்றி நிற்பான் என்று எண்ணிப்பார்க்கத் தவறுவார். சமய நம்பிக்கையோடு அரசியலைப் பேச விரும்புகிறவர், பிறரை நோக்கி இவற்றைக் கேட்குமுன் தம் சமயத்தை நோக்கியும் தம் கட்சியை நோக்கியும் கேட்டுப் பழக வேண்டும். அப்பழக்கம் இல்லாதவரின் அறப்பேச்சு, எவ்வளவு பக்தியோடு பேசப்பட்டாலும், இன்னுமொரு புறக் கட்டாகவே முடியும்.